பழைய முகவரிக்காரர்

எங்கள் அலுவலகத்தில் அவருக்கு 'ஸ்லாஷ் ஆன்ட்டி' என்று பெயர். வைத்தவன் என் எதிர் மேசையில் இருந்த பங்கஜ். கேட்டுச் சிரித்தவர்களில் நானும் ஒருத்தி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் யார் யார் மீதெல்லாம் கோபப்படப் போகிறேனோ, அந்த வரிசையில் என் பெயரும் உண்டு.

அவருக்கு அப்போது நாற்பத்தைந்து வயது இருக்கலாம். ஆர்.கே.புரத்தில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் மேல்நிலை எழுத்தர். தில்லிக்கு வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகியும் பேச்சு திருநெல்வேலியை விட்டு நகரவில்லை. நடுவே ஓர் 'அச்சா' சேர்ந்திருந்தது, அவ்வளவுதான். எனக்கு வயது இருபத்து மூன்று. பிகாஜி காமா பிளேஸில், லிஃப்ட் பாதி நாள் ஓடாத ஒரு கட்டடத்தின் ஐந்தாவது மாடியில், அரசு அலுவலகங்களுக்கு இணையதளம் செய்து கொடுக்கும் சிறிய நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்தேன். மெட்ரோ ரயில் வடக்குத் தில்லியில் மட்டும் ஓடிக்கொண்டிருந்த காலம். வீட்டில் இணையம் வைத்திருந்தவர்களை விரல் விட்டு எண்ணலாம்.

நாங்கள் செய்து கொடுத்த தளங்களின் அடியில், தொழில்நுட்ப உதவிக்கு என்று எங்கள் தொலைபேசி எண் இருக்கும். ஒப்பந்தத்தில் கேட்டிருந்ததால் போட்டோம். அதைப் பார்த்து ஒருவர் உண்மையிலேயே கூப்பிடுவார் என்று யாரும் நினைக்கவில்லை. அவர் கூப்பிட்டார். முகவரியை முதல் எழுத்திலிருந்து வாசித்தார்.

"ஹெச், டி, டி, பி, கோலன், ஸ்லாஷ், இன்னொரு ஸ்லாஷ். எழுதிட்டியளா? ரெண்டு ஸ்லாஷ். ஒண்ணை விட்டுராதிய."

பங்கஜிடம் இதை ஹிந்தியில் சொல்வார், ஆனால் சுருதி நெல்லைச் சுருதிதான். அவன் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொள்வான். நாங்கள் ஏழு பேரும் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்போம். அரசு ஊழியர் ஒருவர் தன் மதிய உணவு நேரத்தில், நாங்கள் பொறுப்பேற்றுக்கொண்ட தளத்தில் உள்ள ஒரு தவறைத் தெரிவிக்க, தன் கைக்காசில் பி.சி.ஓ. பூத்திலிருந்து பேசுகிறார், அது எங்களுக்கு இடைவேளைப் பொழுதுபோக்கு.

அவருடைய குணம் ஒன்றே ஒன்றுதான், மற்றதெல்லாம் அதிலிருந்து வந்தவை. 'அதேதான்' என்று யார் சொன்னாலும் நம்ப மாட்டார். "ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாரு" என்பார்.

பின்னாளில் பழக்கமான பிறகு, ஒரு சனிக்கிழமை அவரோடு ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் போனேன். அப்பளம் வாங்கினார். கடைக்காரர் பாலக்காட்டுப் பக்கத்து ஆள், தமிழும் மலையாளமும் கலந்து பேசுவார்.

"கவர் வேற மாதிரி இருக்கே."

"அதே அப்பளம்தான் சேச்சி. கவர் மட்டும் புதுசு."

அவர் கைப்பையிலிருந்து நான்காக மடித்த பழைய கவரை எடுத்தார். வீட்டிலிருந்து கொண்டு வந்திருக்கிறார்! இரண்டையும் கல்லா மேல் விரித்து வைத்து, பின்பக்கத்துப் பொடி எழுத்தை விரலால் தடவிக்கொண்டே போனார்.

"பழசுல உளுந்து. இதுல உளுந்து, மைதா. அதேன்னா மைதா எங்கேருந்து வந்துச்சு?"

"என் சேச்சி, ஒரு அப்பளத்துக்கு இத்தனை விசாரணையா? கொண்டுபோய்ப் பொரிச்சுப் பாருங்க. ருசி மாறினா நான் என் பேரை மாத்திக்கறேன்."

"பேரை மாத்தாண்டாம். கவர்ல 'புதுசு'ன்னு பெருசாப் போட்டிருக்கான்லா, அதுக்குக் கீழ மைதான்னும் பெருசாப் போடச் சொல்லு."

அவரோடு வெளியே போவது எளிதல்ல. ரிங் ரோட்டில் ஓடும் முத்ரிகா பஸ் வந்தால், முன்னால் உள்ள போர்டைக் கடைசி எழுத்து வரை படித்த பிறகே ஏறுவார். அதற்குள் பஸ் கிளம்பிவிடும். "போகட்டும், படிக்காம ஏறுததுக்கு நிக்கலாம்" என்பார். ஜூன் மாத வெயிலில் அப்படி நின்றிருக்கிறோம்.

இனி அந்த வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அரசுக் குடியிருப்புகளை ஊழியர்களுக்கு ஒதுக்கும் ஓர் அலுவலகம் தன் தளத்தைப் புதுப்பிக்க எங்களிடம் கொடுத்திருந்தது. மாதம் ஒரு முறை பட்டியல் வெளியிடுவார்கள். பியூன்களுக்கு டைப் ஒன் வீடு, எழுத்தர்களுக்கு டைப் டூ, அதற்கு மேலே போகப் போக த்ரீ, ஃபோர். பட்டியலில் பெயர் வந்தால் எட்டு வேலை நாளுக்குள் ஏற்றுக்கொள்வதாக எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் வீடு கைவிட்டுப் போகும். அதோடு ஓராண்டுக்கு மறுபடி விண்ணப்பிக்கவும் முடியாது. முன்பு பட்டியலை நோட்டீஸ் போர்டில் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். அதை நிறுத்தி, இனி இணையத்தில் மட்டுமே என்று சுற்றறிக்கை அனுப்பியிருந்தார்கள்.

பழைய தளத்தின் முகவரிகள் நீளமானவை. நடுவே ஒரு கேள்விக்குறி வரும். அதற்குப் பின்னால் டைப் எத்தனை, பகுதி எது, மாதம் எது என்று வரிசையாக இருக்கும். எங்கள் முதலாளி ரகு சாருக்கு அது அசிங்கமாகத் தெரிந்தது. புதிய முகவரிகள் சுத்தமாக, கேள்விக்குறி இல்லாமல் இருக்க வேண்டும் என்றார். சரி. அப்படியானால் பழைய முகவரியை அடித்துக்கொண்டு வருகிறவர்களைச் சரியான புதிய பக்கத்தில் கொண்டு சேர்க்க சர்வரில் விதிகள் எழுத வேண்டும். அது என் பங்கு. ரெகுலர் எக்ஸ்பிரஷன் என்ற குறுமொழியில் எழுதுவோம். 'இப்படிப்பட்ட வடிவில் ஒரு முகவரி வந்தால், அதிலிருந்து இந்த எண்ணைப் பிடித்துக்கொண்டுபோய் அங்கே வை' என்பதை ஒரே வரியில் சொல்லிவிடலாம். கல்லூரியில் எனக்கு மிகவும் பிடித்த பாடம். அதில் எனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்று நினைத்திருந்தேன்.

ஒன்று தெரியாமல் இருந்தது. சர்வர் இந்த விதிகளைப் பொருத்திப் பார்ப்பது கேள்விக்குறிக்கு முன்னால் உள்ள பகுதியோடு மட்டும்தான். பின்னால் இருப்பதைப் பார்க்கச் சொல்ல, விதிக்கு மேலே தனியாக ஒரு நிபந்தனை வரி வேண்டும். நான் எல்லாவற்றையும் ஒரே வரியில் எழுதினேன், ஒன்றுகூடப் பொருந்தவில்லை. பழைய முகவரி எதை அடித்தாலும் 'பக்கம் இல்லை' என்றது. புதுத் தளத்தின் திறப்பு விழாவுக்கு முந்தின நாள் மாலை அதை ரகு சார் பார்த்துவிட்டார்.

"என்னம்மா இது? நாளைக்கு ஜாயின்ட் செக்ரட்டரி வந்து மவுஸை அமுக்கப் போறார். இப்பப் போய் நாட் ஃபவுண்டா? டாட் ஸ்டார் போடு. ஜல்தி."

டாட் என்பது எந்த எழுத்தாக இருந்தாலும் சரி. ஸ்டார் என்பது எத்தனை இருந்தாலும் சரி. இரண்டையும் சேர்த்துப் போட்டால், எது வந்தாலும் பொருந்தும்.

"சார், அப்படிப் போட்டா எல்லா டைப்பும் ஒரே லிஸ்ட்டுக்குப் போயிடும்."

"போகட்டுமே. எவன் உக்காந்து பழைய அட்ரஸை டைப் பண்ணப் போறான்? எல்லாரும் ஹோம் பேஜ் வழியாத்தான் வருவான். அரே, நீ ரொம்ப யோசிக்கறே."

போட்டேன். பழைய பட்டியல் முகவரி எதுவானாலும் டைப் ஒன் பட்டியல் வந்தது. "பார், வந்துடுத்து" என்று என் மேசையைத் தட்டிவிட்டுப் போனார். இதில் இன்னொரு கேடு உண்டு. உள்ளே பக்கம் மாறினாலும் மேலே முகவரிப் பட்டையில் பழைய முகவரியே, டைப் இரண்டு என்றே, நின்றது. பக்கத்தின் தலைப்பிலோ 'ஒதுக்கீட்டுப் பட்டியல்' என்று மட்டும்தான் பெரிதாக இருக்கும். எந்த டைப் என்பதை வலது ஓரத்தில் வெளிறிய சாம்பல் நிறத்தில் போட்டிருந்தோம். பளிச்சென்று போட்டால் அழகு கெடுகிறதாம். பக்கம் இல்லை என்று வந்திருந்தால் யாராவது விசாரித்திருப்பார்கள். நாங்கள் தவறான பட்டியலைச் சரியான முகவரியின் கீழ் காட்டினோம்.

நான் எதையும் பட்டியல் போட்டுச் செய்கிறவள். அன்று என் பட்டியலில் ஏழாவதாக 'பழைய முகவரிகள், டைப் பிரிக்க வேண்டும்' என்று எழுதிக்கொண்டேன். முதல் ஆறில் இருந்தவை: முத்திரையின் அளவு, ஓடும் எழுத்தின் வேகம், ஜாயின்ட் செக்ரட்டரியின் புகைப்படம், புகைப்படத்தின் கீழே அவர் பட்டம், இப்படி. விழா முடிந்த வாரம் மேலே இன்னும் ஐந்து சேர்ந்தன. ஏழாவது பன்னிரண்டாவது ஆயிற்று.

எவன் உட்கார்ந்து பழைய முகவரியை அடிக்கப் போகிறான்? அவர் அடித்தார். அவர் அலுவலகத்தில் இணையம் வந்த கம்ப்யூட்டர் ஒன்றுதான், செக்‌ஷன் ஆபீசர் அறையில். மதியம் அந்த அறை காலியாகும் அரைமணி நேரத்தில் போய் அடிப்பார். அந்த வசதியும் இல்லாதவர்களுக்கு, தமிழ்ச் சங்கத்தில் பழக்கமானவர்கள், மலை மந்திர் முருகன் கோயிலில் பார்த்தவர்கள், மாடிப்படியில் மறித்துக் கேட்டவர்கள் என்று நாற்பது பேருக்கு மேல், முகவரியைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தார். பிரவுசிங் சென்டரில் போய்ச் சீட்டை நீட்டினால் போதும். யாரும் அவரை இதைச் செய்யச் சொல்லவில்லை. நோட்டீஸ் போர்டை எடுத்துவிட்டவர்கள் செய்திருக்க வேண்டிய வேலை.

பட்டியல் வெளியான மூன்றாம் நாள் அதைப் பற்றி முதல் தடவை கூப்பிட்டார். நான்காம் நாள் இரண்டாம் தடவை. இரண்டையும் பங்கஜ் ஸ்பீக்கரில் நடத்தினான். ஐந்தாம் நாள் அவன் வரவில்லை. நான் எடுத்தேன்.

"யாரும்மா, தமிழா? நல்லதாப் போச்சு. நான் சொல்லச் சொல்ல அந்தப் பையன் சிரிக்கான். கேளு. மேல அட்ரஸ்ல டைப் ரெண்டுன்னு இருக்கு. உள்ள வருத லிஸ்ட்டு ரெண்டு இல்ல."

"பக்கம் வருதுல்ல மேடம்?"

"வருது. எது வருதுன்னுதான் கேக்கேன்."

"புது சைட் மேடம். பார்க்க வேற மாதிரி இருக்கும். விஷயம் அதேதான்."

"அதே இல்லம்மா. அஞ்சாவதா இருக்க பேரு எங்க ஆபீஸ் பியூன். அவருக்கு எப்படி டைப் டூ வரும்?"

"அவருக்கு கிரேடு மாறியிருக்கலாம். ஒரு தடவை ரெஃப்ரெஷ் பண்ணிப் பாருங்க."

 "நீயே ஒரு மட்டம் அடிச்சுப் பாக்கியா? ரெண்டு, மூணு, ரெண்டையும் அடிச்சுப் பக்கத்துல பக்கத்துல வச்சு?" என்றார். பார்க்கிறேன் என்றேன். பார்க்கவில்லை. அந்த ஓடும் எழுத்தின் வேகத்தைச் சரி செய்துகொண்டிருந்தேன்.

ஒதுக்கீட்டு அலுவலகத்துக்கும் அவர் போன் செய்திருக்கிறார். இணையத்தில் பாருங்கள் என்றார்களாம்.

அவர் செக்‌ஷனில் செல்வி என்று ஒரு கீழ்நிலை எழுத்தர் இருந்தார். கணவர் ராணுவத்தில், எல்லையில். பக்கவாதம் வந்த மாமனாரையும் ஒரு பெண் குழந்தையையும் வைத்துக்கொண்டு முனீர்காவில் மூன்றாவது மாடியில் குடியிருந்தார். மாமனாரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, கீழ்வீட்டு ஆளும் அவருமாகப் படி படியாக இறக்க வேண்டும். டைப் டூவுக்குப் பதிவு செய்து எட்டு வருடம் ஆகியிருந்தது. அந்த மாத டைப் டூ பட்டியலில் செல்வியின் பெயர் இருந்தது. ஆர்.கே.புரத்திலேயே, அலுவலகத்திலிருந்து நடக்கும் தூரத்தில், தரைத்தளம். அவர்கள் இருவரும் அந்த நாட்கள் முழுக்க, இன்றாவது சரியான பட்டியல் வருமா என்று, நாங்கள் காட்டிய டைப் ஒன் பட்டியலில் அந்தப் பெயரைத் தேடிக்கொண்டிருந்தார்கள். ஐந்தாம் நாள் நான் போனை வைத்தபோது இன்னும் மூன்று நாள் மிச்சமிருந்தது.

இரண்டு வாரம் கழித்து ரத்துக் கடிதம் தபாலில் வந்தது. ஏற்காததால் ஒதுக்கீடு ரத்து, ஓராண்டுக்குத் தடை. அது மட்டும் தபாலில் வந்தது!

மறுநாள் அவர் ஐந்து மாடி ஏறி வந்து, மூச்சு வாங்க எங்கள் அறை வாசலில் நின்று, உள்ளே வரலாமா என்று கேட்டார். பங்கஜுக்குக் குரலைக் கேட்டதும் தெரிந்துவிட்டது, தலையைக் குனிந்துகொண்டான்.

"வாங்க மேடம்" என்றேன்.

"மேடம் வேண்டாம். ஆன்ட்டியும் வேண்டாம், அதையும் ஃபோன்ல கேட்டேன். அக்கான்னு கூப்பிடு. நீதான அன்னைக்குப் பேசினது? குரலு தெரியுது. உக்காரு, அடி."

அரசு முத்திரை போட்ட பச்சை அட்டை நோட்டு ஒன்றைத் திறந்தார். பக்கம் முழுக்க முகவரிகள், பக்கத்திலேயே தமிழில் இது யாருக்கு என்ற குறிப்பு. கோடு போட்ட தாள் என்பதால், முகவரியில் வரும் அடிக்கோடு தாளின் கோட்டோடு சேர்ந்து காணாமல் போய்விடும் என்று, அடிக்கோடுகளை மட்டும் சிவப்பு மையில் எழுதியிருந்தார். பூஜ்யத்துக்குள் குறுக்கே ஒரு கோடு, ஓ எழுத்தோடு குழம்பாமலிருக்க. இவ்வளவு கவனமாக யாரும் எங்கள் தளத்தைப் பார்த்ததில்லை, அதைச் செய்தவள் உட்பட.

அவர் சொல்ல, நான் டைப் டூ முகவரியை அடித்தேன். இன்னொரு ஜன்னலில் டைப் த்ரீ. இரண்டையும் பக்கத்தில் வைத்தேன். இரண்டிலும் முதல் பெயர் ஒன்றே. இரண்டாம் பெயரும் ஒன்றே. ஐந்தாவதாக அந்த பியூன், இரண்டிலும். பன்னிரண்டாவது வரி என் மேசையில் ஒட்டியிருந்த மஞ்சள் தாளில் இருந்தது.

சத்தம் கேட்டு ரகு சார் வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பை என்னால் இன்றும் மன்னிக்க முடியவில்லை.

"இது ஒரு சின்ன டெக்னிகல் விஷயம்மா. இப்பவே பழைய அட்ரஸ் எல்லாத்தையும் ஹோம் பேஜுக்குத் திருப்பி விட்டுடறோம். பிராப்ளம் சால்வ்ட்."

"ஆஸ்பத்திரிக்கு வந்தவளைக் கேட்டுல இறக்கி விட்டுட்டு, டாக்டரை உள்ள தேடிக்கோன்னு சொல்லுதிய."

"சைட்டுல அடியில போட்டிருக்கோமே, தகவலுக்காக மட்டும்னு."

அவர் நோட்டின் நடுவிலிருந்து சுற்றறிக்கையின் நகலை எடுத்தார். "இதுல 'இணையத்தில் மட்டுமே'ன்னு இருக்கு. ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. எதை நம்பணும்?"

ரகு சார் நகலைத் தொடவில்லை. "சரி, என்ன வேணும் உங்களுக்கு?"

"ஒரு பேப்பர். இன்ன தேதியிலேருந்து இன்ன தேதி வரைக்கும், டைப் டூ அட்ரஸ் அடிச்சா டைப் ஒன் லிஸ்ட்டு வந்துச்சுன்னு. கையெழுத்துப் போட்டு."

"அதெல்லாம் லெட்டர்ஹெட்ல தர முடியாது. கான்ட்ராக்ட் என்ன ஆறது? அதோட, ரூலை எழுதினது இந்தப் பொண்ணு. சின்னப் பொண்ணு. அவ கேரியர்ல கை வைக்காதேங்கோ, பாவம்."

"அவளைக் காப்பாத்துதியளா, உங்களையா?" என்று கேட்டார். என்னை முன்னால் நிறுத்தி ஒருவர் ஒளிந்துகொண்டிருக்கும்போது, நான் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

படியில் இறங்கிக்கொண்டிருந்தவரின் பின்னால் ஓடி, நோட்டைக் கேட்டேன். யோசித்தார். "நாளைக்கு மத்தியானம் வேணும். நனைச்சிராத" என்று கொடுத்தார்.

விதிகளைத் திரும்ப எழுதினேன். கேள்விக்குறிக்குப் பின்னால் பார்க்கும் நிபந்தனை வரி, எண்ணைப் பிடித்துக் கொடுக்கும் அடைப்பு, டைப் வாரியாக ஒவ்வொன்றும் தன் தன் பட்டியலுக்கு. முகவரியில் உண்மையாக வரும் புள்ளிக்கு முன்னால் ஒரு பின்சாய்கோடு. இல்லாவிட்டால் அந்தப் புள்ளியும் எந்த எழுத்தையும் ஏற்றுக்கொள்ளும். பிறகு நோட்டிலிருந்த முகவரிகளை ஒவ்வொன்றாக அடித்து, எங்கள் பட்டியலோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இன்னும் மூன்று பிழைகள் அகப்பட்டன. மக்கள் எந்த முகவரிகளைப் பயன்படுத்தினார்கள் என்பதற்கு எங்களிடம் எந்த ஆவணமும் இல்லை. அந்தப் பச்சை நோட்டில் இருந்தது. எல்லாம் முடிய ஒரு ராத்திரி ஆனது. ஒரே ஒரு ராத்திரி. விழாவுக்கு முன் அதை எங்களுக்குக் கொடுத்திருந்தால், அல்லது நான் எடுத்துக்கொண்டிருந்தால்.

சர்வர் தனக்கு வரும் ஒவ்வொரு கோரிக்கையையும் நேரத்தோடு குறித்து வைக்கும். அந்த நாட்களின் பதிவுகளில், ஒவ்வொரு நாளும் மதியம் ஒன்றரைக்கு முன்பின், அவர் அலுவலகத்திலிருந்து டைப் இரண்டு கேட்கப்பட்டிருந்தது. எட்டு நாளும். நான்கு பக்கம் அச்செடுத்தேன். கூடவே ஒரு கடிதம்: விதியை எழுதியது நான், அது தவறு, தேதிகள் இவை. கையெழுத்திட்டேன். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அவர் தன் மேசையில் உட்கார்ந்து அதைக் கடைசி வரை படித்தார். இரண்டாம் தடவையும் படித்தார். திருப்பிக் கொடுத்தார்.

"நீ எழுதினேன்னு இருக்கு. சரி. போடச் சொன்னவரு எங்க?"

"அது வேண்டாம்க்கா. நானே ஏத்துக்கறேன்."

"நீ ஏத்துக்கிட்டா அவரு சொல்லலைன்னு ஆயிருமா? நடந்தது ரெண்டு, பேப்பர்ல ஒண்ணு. அப்புறம், நான் மூணு மட்டம் ஃபோன் பண்ணினது எங்க?"

நான் கடிதத்தின் அடியில் இடம் இருக்கிறதா என்று பார்த்தேன்.

"அதையும் எழுது. எந்தெந்த நாளு, யாரு எடுத்தா, என்ன சொன்னா. பியூன் பேரைச் சொன்னேம்லா, அதுக்கு நீ என்ன சொன்னேன்னு."

முதலாளியின் பெயரை எழுதுவதுதான் கஷ்டம் என்று நினைத்தேன், அது சீக்கிரம் முடிந்தது. 'ஐந்தாம் நாள் அழைப்பை எடுத்தவள் நான். அவர் குறிப்பான ஆதாரத்தைச் சொன்னார். நான் சோதிக்காமல், எல்லாம் சரியாக இருப்பதாகச் சொன்னேன்.' இந்த மூன்று வாக்கியங்களுக்குத்தான் நேரமாயிற்று. அவர் அருகில் உட்கார்ந்து, ஃபைலுக்கு நாடா கட்டிக்கொண்டே காத்திருந்தார். ஆறுதலாக ஒரு சொல் சொல்லவில்லை. அது அப்போது கொடுமையாக இருந்தது.

கடிதத்தின் நகலை ரகு சார் மேசையில் வைத்தேன். "நீ நம்ம பொண்ணுன்னு நினைச்சுண்டிருந்தேன்" என்றார். அன்று மாலையே வேலை போயிற்று. அடுத்த ஆண்டும் பராமரிப்பு ஒப்பந்தம் அதே நிறுவனத்துக்குத்தான் கிடைத்தது என்பதையும் இங்கே சொல்லி வைக்கிறேன்.

ஒதுக்கீட்டு அலுவலகத்தின் அதிகாரி கடிதத்தோடு போன அக்கா, செல்வி, நான் ஆகிய மூவரையும் நாற்பது நிமிடம் நிற்க வைத்துக் கேட்டார். கையெழுத்துப் போட்டால் என்ன ஆகும் என்று தெரிந்துதான் போட்டாயா என்று என்னிடம் ஹிந்தியில் இரண்டு தடவை விசாரித்தார். வீட்டை வேறொருவருக்குக் கொடுத்தாகிவிட்டது, அதைத் திரும்ப வாங்க முடியாது, ஓராண்டுத் தடையை வேண்டுமானால் நீக்கலாம் என்றார். உத்தரவைப் பத்து நாள் கழித்துக் கவுன்டரில் வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள்.

போனோம். அன்று மாலைக்குள் தடை நீக்கம் பதிவானால்தான் அடுத்த மாதப் பட்டியலுக்கு செல்வியின் பெயர் போகும். கவுன்டரில் இருந்தவர் உத்தரவை நீட்டினார். அக்கா அதை வாங்கிப் படித்தார். நாங்கள் அவர் கண் கடைசி வரிக்குப் போகும்வரை காத்திருந்தோம். பிறகு தாளைக் கவுன்டருக்குள்ளேயே தள்ளினார்.

"கருணை அடிப்படையில்னு போட்டிருக்கு. யாரு யாருக்குக் கருணை? தப்பு உங்க லிஸ்ட்டுல. அதை எழுதித் தாங்க."

நானும் வாங்கிப் பார்த்தேன். மனுதாரரின் குடும்பச் சூழ்நிலையை முன்னிட்டு, கருணை அடிப்படையில், தடை நீக்கப்படுகிறது. இணையதளம் என்ற சொல்லே இல்லை. என் கடிதம் இல்லை, நான்கு பக்கப் பதிவுகள் இல்லை, மூன்று போன்கள் இல்லை. எட்டு நாளும் ஒன்றரை மணிக்கு ஒருவர் போய்த் தேடியது இல்லை. அவர் செய்தது சரி என்று நினைத்தேன். அதிகாரி லீவில் இருக்கிறார், மாற்ற வேண்டுமென்றால் திங்கட்கிழமைக்கு மேல் வாருங்கள் என்றார் கவுன்டர்காரர்.

"அக்கா, வாங்கிருங்க" என்றார் செல்வி.

"தப்பா எழுதியிருக்கு செல்வி."

"தெரியும். எனக்கு வீடுதான் வேணும், வாக்கியம் வேண்டாம்."

"இதை வாங்கினா நம்ம மேலதான் குறைன்னு ஆயிரும்."

"ஆகட்டும்! நேத்து மாமாவை இறக்கும்போது ரெண்டாவது மாடியில நாற்காலி நழுவிருச்சு. புள்ள பயந்துபோய் இன்னும் சாப்பிடலை. நீங்க சரியாவே இருங்க அக்கா. நான் இன்னைக்கு ஒரு நாள் தப்பா இருந்துட்டுப் போறேன்."

வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா விட்டுக்கொடுத்ததை நான் அந்த ஒரு தடவைதான் பார்த்தேன். முகம் சிறுத்துப்போயிற்று. செல்வியை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் ஒதுங்கி இடம் விட்டார்.

செல்வி உத்தரவை வாங்கிக்கொண்டு பதிவேட்டில் கையெழுத்திட்டார். அடுத்த பட்டியலில் பெயர் வரவில்லை, அதற்கடுத்ததிலும் வரவில்லை. ஏழு மாதம் கழித்து வந்தது. முதல் மாடி, பதினெட்டுப் படி. மாமனார் அந்தப் படிகளை ஒரு தடவைதான் ஏறினார், நாற்காலியில், பிறகு இறங்கவில்லை. தரைத்தள வீட்டில் யார் இருந்தார்களோ தெரியாது. அவர்கள் மீது எனக்குக் கோபமில்லை.

ஆனால் அன்று கவுன்டரில் பதிவேட்டை மூடப் போன சமயம், அக்கா அதன் மேல் கையை வைத்தார்.

"செல்வி, ஓரத்துல நான் ஒண்ணு எழுதிக்கிடட்டா? உன் பேப்பர்ல கை வைக்க மாட்டேன்."

செல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினார்.

செல்வியின் கையெழுத்துக்குப் பக்கத்தில், கோட்டுக்கு வெளியே, பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் எழுதத் தொடங்கினார். காட்டப்பட்ட காரணம் சரியல்ல. இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை தவறான பட்டியல் காட்டப்பட்டது.

"மேடம், அங்கெல்லாம் எழுதக் கூடாது" என்று கவுன்டர்காரர் ஹிந்தியில் அலறினார்.

"கூடாதுன்னு எங்க போட்டிருக்கு?"

அந்த மனிதர் பதிவேட்டின் அட்டையைத் திருப்பிப் பார்த்தார்! அதற்குள் இவர் தேதியைப் போட்டு முடித்து, கையெழுத்திட்டுவிட்டார். நான் பேனாவை அவர் கையிலிருந்து வாங்கி அதன் கீழே என் பெயரை முழுதாக எழுதினேன்.

"நீ யார்? விண்ணப்பதாரரா, சாட்சியா?" என்று கேட்டார் கவுன்டர்காரர்.

"தவறான பட்டியலைக் காட்டியவள்" என்றேன். அக்கா என் கையெழுத்தைக் குனிந்து படித்துப் பார்த்துவிட்டு, சரி என்று பதிவேட்டை அவர் பக்கம் தள்ளினார்.